வேற சாஸ்தாப் பிள்ளை

எங்கள் மாமனார் காந்திமதிநாதன் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். இனி சொல்லப் போவதில் பாதி அவரைத் திட்டுகிற மாதிரியே இருக்கும், அப்புறம் என்னைக் கோபிக்கக் கூடாது. டவுணில் நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். சீர்வரிசைக்குக் குத்துவிளக்கு வாங்க வருகிறவர்கள் அவரிடம் ஜாதகம் வரைக்கும் பேசிவிட்டுத்தான் போவார்கள். நான் அந்த வீட்டு மருமகள் விஜயஸ்ரீ. கடை மாடியில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். அளவு கொடுக்க வருகிற பெண்கள் ஊர்க் கதையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். என் வாயும் சும்மா இருக்கிற வாய் இல்லை.

இந்தப் பக்கத்துக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாஸ்தா உண்டு. அப்பா வழியில் வருகிற குலசாமி. எந்த ஊரில் பிழைத்தாலும் பங்குனி உத்திரத்துக்கு அங்கே போய்ப் பொங்கலிட வேண்டும். பெண்ணாகப் பிறந்தவள் கல்யாணம் ஆனதும் புருஷன் வீட்டுச் சாஸ்தாவுக்கு மாறிவிடுவாள். ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிறவர்கள்தான் ஒரே குடும்பம், ஒரே வகையறா. மற்றவர்கள் எல்லாம் சொந்தம், அவ்வளவுதான். இதில் எங்கள் மாமனார் ரொம்பக் கண்டிப்பு.

எங்கள் சாஸ்தா அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே வயலுக்கு நடுவில் இருக்கிறார். கொரோனா வந்த வருஷம் பங்குனி உத்திரத்தன்று ஊரடங்கு. பஸ் ஓடவில்லை, கோயிலும் பூட்டு. மாமனார் வீட்டிலேயே சூடம் காட்டிக் கும்பிட்டார், ஆனால் மனசு ஆறவில்லை. "பொங்க வைக்காம விட்டுட்டோம், என்ன வரப்போவுதோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சாஸ்தாவும் ஊரடங்கில்தானே மாமா இருக்கிறார், அவருக்குத் தெரியாதா என்று நான் கேட்டேன். முறைத்தார்.

ஆவணியில் எங்கள் வீட்டுக்கும் கொரோனா வந்தது. முதலில் படுத்தது மாமனார்தான். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டும் உள்ள உடம்பு. நாங்கள் நடுங்கிப் போனோம். அவரோ இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு எழுந்து உட்கார்ந்து, ரசத்தில் வாசனையே இல்லை என்று என் மாமியாரைக் குறை சொன்னார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தேன். அடுத்து என் கொழுந்தன் குமரகுருபரன் படுத்தான்.

இருபத்தெட்டு வயது. காலையில் குறுக்குத்துறையில் ஆற்றை அக்கரை வரைக்கும் நீந்திவிட்டு வந்து கடை திறக்கிற பிள்ளை. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. கல்யாணத்துக்கு நிச்சயம் செய்திருந்தோம். ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனவன் திரும்பி வரவில்லை. கட்டித்தான் கொடுத்தார்கள், முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் தெரியாது.

"கெழவனை விட்டுட்டு எளந்தாரியைத் தூக்கிட்டுப் போயிட்டே" என்று மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். என் மாமியார் பார்வதியம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை, அந்த வீட்டில் அவளுக்கும் சேர்த்து மாமனார்தான் பேசுவார்.

பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்பார்கள். அடுத்த வருஷம் மே மாதம் என் வீட்டுக்காரர் சங்கர் படுத்தார். முப்பத்து மூன்று வயது. நாலு நாளில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சுக் குழாய் போட்டு அங்கே அவர் கிடந்த நாட்களை நான் எப்படிக் கடந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். தைத்தேன். முகக்கவசமாகத் தைத்துத் தள்ளினேன். கை நின்றால் அழுகை வந்துவிடும்.

ஊர் பேசிற்று. அந்த வீட்டில் ஆண்பிள்ளைகளுக்கு ஆகாது என்று பேசிற்று. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மாமனாரும் ஊரோடு சேர்ந்துகொண்டார். "சாஸ்தாக் குத்தம். நம்ம வகையறா ஆம்பிளைகளைத்தான் தேடி வருது" என்றார். உடனே என் ஐந்து வயது மகனைப் பிடித்து வீட்டுக்குள் அடைத்தாயிற்று. கையில் கயிறு, நெற்றியில் திருநீறு, வேளைக்கு ஒரு கஷாயம். வாசல் கேட்டைத் தொடக்கூட விடவில்லை. நானும் ஒத்துக்கொண்டேன். சாஸ்தாக் குத்தத்தில் எனக்கு நம்பிக்கை அரைகுறைதான். ஆனால் பயம் முழுசாக இருந்தது.

அப்போது வெளிவேலைக்கெல்லாம் ஓடியது நயினார். என் நாத்தனார் அனுராதாவின் மகன் ஆறுமுகநயினார். திருச்செந்தூரில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் இல்லாததால் அந்தச் சமயம் எங்கள் வீட்டில் இருந்தான். பதினாறு வயது, ஒல்லிக்குச்சி. ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டு போகிறவன் அவன், மருந்துக்கு வரிசையில் நிற்கிறவன் அவன். எனக்கு மனசு கேட்கவில்லை. "பிள்ளையைப் போட்டு இப்படி அனுப்புதியளே மாமா" என்றேன்.

"அவனுக்கு ஒண்ணும் வராது. அவன் வேற சாஸ்தாப் பிள்ளைலா" என்றார்.

அது அவருக்குக் கல்லில் எழுதிய மாதிரி. மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, அவள் பெற்ற பிள்ளை அவள் புருஷன் வகையறா. நம் வீட்டுக் குத்தம் அவனைத் தொடாது. நயினாருக்கும் அது பெருமையாக இருந்தது. "நான் வேற சாஸ்தா அத்தே, எனக்கென்ன" என்று மார்பைத் தட்டிக்கொண்டு போவான். எந்தச் சாமி புண்ணியமோ, அந்த முறை அவனுக்கு வரவில்லை.

என் வீட்டுக்காரர் பிழைத்தார். கோடானு கோடி நன்றி. யாருக்கு என்று கேட்டால் எனக்கு நீளமாகச் சொல்ல இருக்கிறது. சாஸ்தாவுக்கும் சொல்வேன், நெல்லையப்பருக்கும் சொல்வேன், ராத்திரி பகல் பாராமல் அவரைத் திருப்பிப் போட்டுத் துடைத்த முத்துராணி சிஸ்டருக்கும் சொல்வேன். எல்லாருக்கும் மேலே டாக்டர் ஜெபகனிக்குச் சொல்வேன். உடன்குடிப் பக்கத்துப் பொம்பளை. கறாரான பேச்சு. தோள் அகலம் நன்றாக இருப்பாள், ஒரு ரவிக்கை அளவெடுக்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் ஆசை.

வீட்டுக்கு அனுப்பும் அன்று அந்த டாக்டர் எங்களை உட்கார வைத்துக் கேட்டாள். "ரெண்டு பிள்ளைகள், ஒரு நோயும் இல்லாத இளவயசு உடம்பு. ரெண்டு பேருக்கும் இப்படி வந்திருக்கு. வேற நாட்டுல இதே மாதிரி அண்ணன் தம்பிகளைப் பத்தி எழுதியிருக்காங்க. உங்க குடும்பத்துல இதுக்கு முன்ன யாராவது சின்ன வயசுல காய்ச்சல்ல இறந்திருக்காங்களா?"

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கெடையவே கெடையாது. எங்க அப்பா எண்பத்தஞ்சு. சித்தப்பா தொண்ணூறு, கடைசி வரைக்கும் சுவத்தைப் பிடிக்காம நடந்தாவ. நம்ம வகையறாவுல அல்பாயுசே கெடையாது டாக்டரம்மா."

என் மாமியார் காபிப் பிளாஸ்கோடு பக்கத்தில்தான் நின்றாள். அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் வாய் திறக்கவில்லை. டாக்டர் என் வீட்டுக்காரரிடம் ரத்தம் எடுத்து வெளியூருக்குப் பரிசோதனைக்கு அனுப்பினாள். பதில் வர மாதக்கணக்காகும் என்றாள். நாங்கள் மறந்தே போனோம்.

பதில் வந்தது தை மாதம். மூன்றாவது அலை என்று ஊர் முழுக்க இருமிக்கொண்டிருந்த நேரம். ஆனால் இந்த முறை யாருக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. மூக்கு ஒழுகும், இரண்டு நாளில் சரியாகும். எல்லாருக்கும் பயம் விட்டுப் போயிருந்தது. டாக்டர் கூப்பிட்டாள் என்று என் வீட்டுக்காரரும் மாமனாரும் நானும் போனோம்.

"வைரஸ் உள்ள வந்ததும் உடம்பு அதைக் கண்டுபிடிச்சுச் சத்தம் போடணும். அதுக்குன்னு சில ஜீன் இருக்கு. அதுல ஒண்ணு சங்கருக்குப் பிறவியிலேயே வேலை செய்யலை" என்றாள் டாக்டர். "கிருமி நாலு நாள் இஷ்டத்துக்குப் பெருகியிருக்கு. உடம்பு முழிச்சுப் பார்க்கையில வீடு பூரா களவு போயாச்சு. உங்க சின்ன மகனுக்கும் இதுதான் இருந்திருக்கும்."

"ஆம்பிளைகளை மட்டும் ஏன் தேடி வருது?" என்று கேட்டார் மாமனார். அவருக்கு இன்னும் சாஸ்தாதான் கண்ணில் நிற்கிறார்.

"பொதுவாவே ஆம்பிளைகளுக்கு இந்த நோய் கொஞ்சம் மோசமாத்தான் வருது அண்ணாச்சி. ஆண் ஹார்மோன் எதிர்ப்புச் சக்தியை அமத்துது, பெண் ஹார்மோன் தூண்டி விடுதுன்னு ஆராய்ச்சி சொல்லுது. முழுசா இன்னும் தெரியலை. ஆனா அது எல்லா ஆம்பிளைக்கும் பொது. அது மட்டும்தான்னா வயசுக்கும் சர்க்கரைக்கும் நீங்கதான் முதல்ல போயிருக்கணும்."

இப்படி மாமனாரை வாயடைக்க வைத்த ஒருத்தியை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

"இந்த ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு" என்று தொடர்ந்தாள். "பொம்பளைக்கு எக்ஸ் ரெண்டு. ஆம்பிளைக்கு ஒண்ணு."

எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. ரவிக்கையின் அக்குளில் இரட்டைத் தையல் போடுவோம். ஒன்று விட்டாலும் மற்றது தாங்கும். ஒற்றைத் தையல் விட்டால் கிழிந்ததுதான். "ஆம்பிளைக்கு ஒத்தைத் தையலா டாக்டர்?" என்றேன். சிரித்துவிட்டாள். ஆமாம் என்றாள்.

"அப்போ எம்மவன்?" என்று கேட்டேன்.

"உங்க மகனுக்குப் பயமே இல்லை. ஆம்பிளப்பிள்ளைக்கு அப்பாவோட எக்ஸ் போகாது. அம்மாவோடதுதான் போகும். உங்க மகனுக்கு நீங்க குடுத்ததுதான் இருக்கு."

அந்த இடத்திலேயே எனக்குக் கண்ணீர் கொட்டிற்று. வெட்கமே இல்லாமல் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். எட்டு மாசமாகப் பிள்ளையைச் சிறையில் வைத்த மாதிரி வைத்திருந்தோம். அவள் கையை உருவிக்கொள்ளாமல் அடுத்ததைக் கேட்டாள்.

"சங்கருக்கு இது அவங்க அம்மாகிட்ட இருந்து வந்திருக்கு. கூடப்பிறந்த பொம்பளைங்க உண்டா? அவங்களுக்கு ஆம்பிளப்பிள்ளை உண்டா?"

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நயினார். ஆஸ்பத்திரி வாசலில் அத்தனை நாள் நின்ற நயினார்.

"ஊசி போட்டாச்சா அவனுக்கு?" என்றாள் டாக்டர்.

போடவில்லை. பதினைந்து வயதுக்கு மேல் பள்ளிக்கூடத்திலேயே ஊசி போட ஆரம்பித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஊசி போட்ட அன்று அவன் கடையில் இருந்தான். அவன் அப்பா கல்யாணசுந்தரம் திருச்செந்தூர் கோயில் பக்கம் கருப்பட்டி, பனங்கற்கண்டுக் கடை வைத்திருக்கிறார். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரைக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. ஊசிக்குப் போகட்டுமா என்று பையன் தாத்தாவிடம் போனில் கேட்டபோது, "உனக்கு எதுக்குலே, நீ வேற சாஸ்தா" என்று சொன்னவர் இதோ என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

வராந்தாவுக்கு வந்ததும் அனுராதா மயினிக்குப் போன் போட்டேன். நயினார் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"லேசாக் காய்ச்சல் விஜி. எல்லார் வீட்டுலயும் இருக்குல்லா. மூணு நாளா ரசஞ்சோறுதான் குடுக்கேன்."

ஆஸ்பத்திரிக்கு உடனே கூட்டிப் போங்கள் என்றேன். மயினி சிரித்தாள். இந்தக் கூட்டத்தில் ஆஸ்பத்திரி என்று போய் நின்றால் டெஸ்ட் எடுப்பார்கள், கடையை அடைக்கச் சொல்வார்கள், வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஏன் இப்படிப் பதறுகிறாய் என்றாள். ஏன் என்று சொல்ல வாயெடுத்தேன். மாமனார் போனைப் பிடுங்கி அணைத்துவிட்டார்.

"சொல்லப்படாது" என்றார். "எம்மவ வாழுத வீடு அது. அவ மாமியா எப்படிப்பட்டவன்னு உனக்குத் தெரியும். பொண்ணோட ரத்தத்துல கொறைன்னு அங்கன போய்ச் சொல்லுவியா? நாளைக்கு அவளைத் தள்ளி வச்சா நீயா சோறு போடுவ?"

"போடுவேன்" என்றேன். "மயினிக்கும் போடுவேன், பிள்ளைக்கும் போடுவேன். பிள்ளை இருந்தாத்தான போட முடியும் மாமா?"

அவர் போனைத் தன் மடியில் செருகிக்கொண்டார். கோபம் என்று அப்போது நினைத்தேன். பயம் என்று இப்போது தெரிகிறது. ஒரு மகனைக் கொடுத்துவிட்டு மகளின் வாழ்க்கையையும் கொடுக்க அவருக்குத் தெம்பு இல்லை. என் வீட்டுக்காரர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்தோம். மாமியார் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். யார் சொல்லக் கூடாது என்றாலும் இவளிடம் சொல்லாமல் முடியாது. சொன்னேன். எக்ஸ் என்றெல்லாம் சொல்லவில்லை. "இது அம்மா வழியா வருத சீக்கு அத்தே. உங்ககிட்ட இருந்து வந்திருக்கு. அனுராதா மயினிக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வந்திருந்தா நயினாருக்கும் பாதிக்குப் பாதி. அவன் இப்ப காய்ச்சல்ல கெடக்கான்."

அவள் கீரையைக் கீழே வைத்தாள்.

"எந்தம்பி கோமதிநாயகம் அப்படித்தான் போனான்" என்றாள். "நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசு. இருபத்திரண்டு வயசு அவனுக்கு. மழைக்காலத்துல ஊரே காய்ச்சல்ல கெடந்துச்சு. எல்லாரும் எந்திரிச்சாச்சு, அவன் எந்திரிக்கலை. எங்க அம்மையோட அண்ணன் ஒருத்தரும் அப்படிப் போனதாச் சொல்லுவாவ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டாக்டர் கேட்டாளே அத்தே. அங்கனதான நின்னிய?"

"இந்த வீட்டு ஆளுகளைல்லா கேட்டா" என்றாள் அவள். "அவன் எங்க அப்பா வீட்டுச் சாஸ்தா. அது வேற குடும்பம்னு நானும் நெனச்சுட்டேன் தாயி."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்பது வருஷம் அப்படி நினைக்கத்தானே பழக்கியிருந்தோம்.

அவள் எழுந்து அடுப்பை அணைத்தாள். கூடத்துக்கு வந்தாள். மாமனார் நாற்காலியில் இருந்தார். "நான் திருச்செந்தூருக்குப் போறேன்" என்றாள். "நீங்க வாரதுன்னா வாங்க."

"என்னன்னு சொல்லுவ அங்கன?"

"உள்ளதைச் சொல்லுவேன். சொல்லவேண்டியது நானு. நீங்க இல்ல."

மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டார். என் வீட்டுக்காரர் கார் ஓட்டினார். கிளம்பும்போது, எங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் கிடந்த, விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கிற கருவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வழி நெடுகப் பச்சை வேட்டிக் கூட்டம் முருகா முருகா என்று நடந்துகொண்டிருந்தது. நானும் உள்ளுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

போய் இறங்கியபோது மதியச் சாப்பாட்டு நேரம். கல்யாணசுந்தரம் அண்ணன் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். அவர் அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் நாலு பேர் வந்து நின்றதும் எல்லாரும் திகைத்தார்கள். நான் யாரையும் பார்க்காமல் உள் அறைக்குப் போனேன். நயினார் போர்த்திக்கொண்டு போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்லைத்தே, நல்லாத்தான் இருக்கேன்" என்றான். இந்த ஒரு வரியைச் சொல்ல இரண்டு தடவை மூச்சு வாங்கினான். விரலில் கருவியை மாட்டினேன். தொண்ணூற்று மூன்று. என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும்.

கூடத்தில் என் மாமியார் சம்பந்தியம்மாள் முன்னால் நின்றிருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எங்க வீட்டுல ஒரு சீக்கு இருக்கு" என்றாள். "இவுக வழியில இல்ல. எம் பொறந்த வீட்டு வழி. பொம்பளைகளுக்கு ஒண்ணும் செய்யாது, நாங்க பெத்த ஆம்பிளப் பிள்ளைகளைத்தான் சாய்க்கும். எந்தம்பியைச் சாய்ச்சுச்சு. எங்குமரனைச் சாய்ச்சுச்சு. நம்ம நயினாருக்கும் இருக்கலாம். இப்பமே டாக்டர்கிட்ட கொண்டு போவணும்."

அனுராதா மயினி கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சம்பந்தியம்மாள் முகம் சிவந்துவிட்டது.

"அப்போ கொறை உள்ள பொண்ணைத்தான் எங்க தலையில கட்டிட்டியளா?"

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். இதற்குத்தான் அவர் பயந்தார். எனக்கு நாக்கு துடித்தது, ஆனால் மாமியார் கையைப் பின்னால் நீட்டி என்னைத் தடுத்தாள்.

"ஆமா" என்றாள். "தெரியாமக் குடுத்துட்டேன். தெரிஞ்ச அன்னைக்கே வந்துட்டேன். என்னை என்ன பேசணுமோ பொறவு பேசுங்க, கேட்டுக்கிடுதேன். முதல்ல பிள்ளையைத் தூக்குங்க."

கல்யாணசுந்தரம் அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். கையைக்கூடக் கழுவவில்லை, வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவர் அம்மா ஏதோ சொல்ல வந்தாள். "எம்மா, சும்மா இரி" என்றார். நயினாரைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வந்து எங்கள் காரில் வைத்தார். அவ்வளவு வளர்ந்த பிள்ளையைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு அவர் படியிறங்கியதை நான் மறக்க மாட்டேன்.

பாதி வழியிலேயே போனில் சொல்லியிருந்தோம், டாக்டர் ஜெபகனி காத்துக்கொண்டிருந்தாள். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க நேரம் இல்லை, இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்கிறேன் என்றாள். கிருமியைக் கொல்கிற மருந்தை அன்று மாலையே ஏற்றினாள். என் கொழுந்தனுக்கு இதைத் தருவதற்குள் காலம் கடந்திருந்தது, என் வீட்டுக்காரருக்கும் தாமதம்தான். நயினாருக்கு ஆக்ஸிஜன் வைக்க வேண்டியிருந்தது. ஆனால் குழாய் வரைக்கும் போகவில்லை. மூச்சு மெல்லச் சீரானது. சீராகிற ஒவ்வொரு நாளும் மாமனார் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கடையைத் திறக்கவே இல்லை. ஒரு நாள் நயினார் புரோட்டா வேண்டும் என்று கேட்டனுப்பினான். "கேட்டாம்லா, புரோட்டா கேட்டாம்லா" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

நயினார் வீட்டுக்குப் போனான். மாசி மாதம் மறுபடி பரிசோதனைக்கு வந்தபோது இரண்டு குடும்பமும் ஆஸ்பத்திரியில் கூடியிருந்தோம். டாக்டர் முடிவைச் சொன்னாள். நயினாருக்கு இருக்கிறது. அனுராதாவிடமிருந்துதான் வந்திருக்கிறது. ஊசி போட்டால் உடம்பு கிருமியை முன்கூட்டியே அடையாளம் தெரிந்துகொள்ளும், அது இவனுக்கும் பலிக்கும், காய்ச்சல் என்றால் முதல் நாளே வந்துவிட வேண்டும், மற்றபடி இவன் நூறு வயது இருக்கலாம் என்றாள். மாமனார் எழுந்து நின்று கும்பிட்டார். "எம்பேரனைக் குடுத்திருக்கிய தாயி" என்றார். நயினார் டாக்டரைப் பார்த்து, "எங்க தாத்தாவுக்கும் ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர், சாஸ்தாவைப் பத்திப் பேசாம இருக்க" என்று சொன்னதற்கு மாமனாரே சிரித்தார்.

இப்போது கடைக்குச் சீர்ப்பாத்திரம் வாங்க வருகிறவர்களிடம் அவரே கேட்கிறார், "பொண்ணோட தாய்மாமன்மாரெல்லாம் சொகமா இருக்காவளா?" என்று. ஒன்றும் புரியாமல் விழிப்பார்கள். நான் மாடியிலிருந்து சிரித்துக்கொள்வேன்.

ஆனால் டாக்டர் முடிவு சொன்ன அன்றைக்கு வெளியே வராந்தாவில் அனுராதா மயினி உடைந்துவிட்டாள். தூணில் சாய்ந்துகொண்டு அழுதாள். "எம்பிள்ளைக்கு நானே இதைக் குடுத்திருக்கேனேம்மா, என் வயித்துலயே வச்சுக் குடுத்திருக்கேனே" என்று புலம்பினாள். அவள் மாமியார் அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

என் மாமியார் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மகளின் முகத்தை முந்தானையால் துடைத்தாள்.

"ஏட்டி, அழாத. எனக்கு எங்க அம்மை குடுத்தா. உனக்கு நான் குடுத்தேன். தெரிஞ்சா குடுத்தோம்? உன் கண்ணு நான் குடுத்தது. உன் குரலு நான் குடுத்தது. பசின்னு வந்தவனுக்கு முதல்ல சோத்தைப் போடுதியே, அந்தப் புத்தியும் நான் குடுத்ததுதான். இந்த ஒண்ணு கெட்டுப் போச்சு. மத்ததெல்லாம் உனக்கு நல்லாத்தான குடுத்தேன்?"

அனுராதா மயினி தலையை ஆட்டினாள். கல்யாணசுந்தரம் அண்ணன் தன் அம்மா பக்கத்திலிருந்து நடந்து வந்து என் மாமியார் முன்னால் குனிந்தார்.

"நல்லாத்தான் குடுத்திருக்கிய அத்தே" என்றார். "எம்பிள்ளையை ரெண்டு தடவை குடுத்திருக்கிய."

என் மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, போன மகனின் பேரைச் சொல்லி வாய்விட்டு அழுதாள். நாங்கள் யாரும் தடுக்கவில்லை.